தோளில் வயரைப் போட்டுக்கொண்டவர்

அன்றைக்கு மில்லின் காற்றுச் சுரங்கத்துக்குள் இருந்தவர்கள்.

சேசுராஜ், ஃபிட்டர்.

குருசாமி, ஆயில்மேன், தேவதானத்துக்காரர், உடம்பு பெரியது.

மாரிச்சாமி, பஞ்சுத் தூசி அள்ளுகிறவன்.

வெங்கடேசு, ஃபேன் இறக்கை சுரண்டுகிறவன், காது மந்தம்.

நான், முத்தையா, பிளாண்ட் ஆள்.

ஐந்து பேர். அவர் உள்ளே இல்லை. அவர் எங்கள் மில் கம்ப்யூட்டரைப் பார்க்கிறவர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸில் இருந்தார். ஆனால் இது அவரைப் பற்றித்தான்.

பேர் எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பேர் எழுதின காகிதம் எங்கே போய்ச் சேருமோ என்று பயப்படுவார்.

அவர் பயந்தவர். பட்டாளத்தில் பதினைந்து வருடம் ஒயர்லெஸ் பார்த்துவிட்டு வந்தவர். மீசை பெரியது. நெஞ்சு அகலம். பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ரோட்டைக் கடக்கப் பயப்படுவார். டூ வீலரில் பின்னால் உட்காரப் பயப்படுவார். ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில்தான் வருவார். பஸ்ஸிலும் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டார். மில் கேட்டில் நாய் ஒன்று உண்டு. அது தூங்கும். அவர் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவார்.

"நாயைக் கட்டியாச்சா?"

"அது எந்திரிச்சே ரெண்டு நாள் ஆச்சு சார். வாங்க."

"கட்டிட்டுச் சொல்லுங்க. நிக்கேன்."

வெயிலில் நிற்பார். வாட்ச்மேன் போய்க் கட்டுவார். பிறகுதான் வருவார்.

பயத்தை மறைக்க மாட்டார். அதுதான் எங்களுக்கு வேடிக்கை. மற்றவன் பயந்தால் இருமுவான், வேறு பக்கம் பார்ப்பான். இவர் நேராகச் சொல்லுவார், எனக்குப் பயமா இருக்கு என்று. பசிக்கிறது என்று சொல்லுகிற மாதிரி.

குருசாமி ஒரு தடவை கேட்டுவிட்டார். "பட்டாளத்துல என்னதான் சார் பண்ணுனீங்க? இம்புட்டுப் பயந்துக்கிட்டு?"

"பயந்தேன்," என்றார். "பயப்படாதவனெல்லாம் அங்ஙனயே கெடக்கான். நான் ரயிலேறி வந்துட்டேன்."

குருசாமி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

அவர் பயத்துக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சண்டையில் பக்கத்து ஆள் செத்ததைப் பார்த்தார் என்றார்கள். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தார் என்றார்கள். நான் ஒரு நாள் கேட்டேன். "பயத்துக்கு என்ன அண்ணாச்சி காரணம்?" என்று திருப்பிக் கேட்டார். "எங்கம்மா சொல்லும், பொறந்தப்பவே கையை மூடிக்கிட்டு அழுதேன்னு," என்றார். வயதில் நான் நாலு வருடம் மூத்தவன். அண்ணாச்சி என்பார். நான் சார் என்பேன்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். நூல் மில்லில் காற்று காயக்கூடாது. காய்ந்தால் நூல் அறும். அதனால் தண்ணீர் தெளித்த காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் மில்லில் அதற்கு மூன்று ஃபேன். வீட்டு ஃபேன் இல்லை. இறக்கை ஒவ்வொன்றும் ஆள் கை நீளம். ஒரு செங்கல் சுரங்கத்தின் கோடியில், சுவரில் பதித்திருக்கும். சுரங்கத்துக்குள் போக இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கதவு. குனிந்துதான் நுழையலாம், ஒருத்தர் பின் ஒருத்தராக. லீவு நாளில் உள்ளே போய் இறக்கையில் ஒட்டிய பஞ்சைச் சுரண்டுவோம். இறக்கைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தால்தான் அடிப்பக்கம் சுரண்ட முடியும்.

எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, உள்ளே போகிறவன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போவான். பீங்கான் கட்டை, மூன்று. இடுப்பில் கனக்கும். அந்தக் கனம் இருக்கிற வரைக்கும் ஃபேன் சுற்றாது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. புது சுவிட்சுப் பெட்டி வந்தது. அதில் பிடுங்குவதற்குக் கட்டை இல்லை. ஒரு மெயின் சுவிட்சு மட்டும் இருந்தது. அதை இறக்கினால், பழுது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்துக்கொள்ளும். அதை அழிக்க அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வர வேண்டும். மறுநாள் ஷிப்டு தாமதமாகும். அதனால் மேனேஜர் சொன்னார், மெயினைத் தொடாதே, கம்ப்யூட்டரை அணை, போதும் என்று. கம்ப்யூட்டரை அணைத்தால் ஃபேன் நிற்கும். போட்டால் அதுவே ஃபேனை ஓட்டும். நாங்கள் அணைத்துவிட்டு உள்ளே போனோம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அதுவே வழக்கம் ஆனது.

அவருக்கு இது பொறுக்காது. "அணைஞ்சிருக்குன்னு சொல்றது யாரு அண்ணாச்சி? ஆளா, லைட்டா?" என்பார். "மெயினை இறக்குங்க. நான் பஸ் ஏறி வாரேன், வந்து அழிச்சுக்கிடுதேன்." நாங்கள் சரி என்போம். இறக்க மாட்டோம்.

அவர் கம்ப்யூட்டரைக் கழற்றும்போது பார்க்க வேண்டும். முதலில் கரண்டு வயரைப் பிடுங்குவார். சுவரிலிருந்தும் பிடுங்குவார், கம்ப்யூட்டரிலிருந்தும் பிடுங்குவார். பிறகு அந்த வயரை எங்கேயும் வைக்க மாட்டார். துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொள்ளுவார். "எங்கிட்ட இருந்தா எவனும் சொருக முடியாதுல்ல." வேலை முடிகிற வரைக்கும் அது தோளில் கிடக்கும். நடுவில் டீ குடிக்கப் போனாலும் தோளோடு போவார்.

டீக்கடைக்காரர் கேட்பார். "என்ன சார், கயிறு மட்டும் வருது? மாட்டை எங்க கட்டிட்டு வந்தீக?"

"மாடு உள்ள இருக்கு. அவுத்து விட்டா முட்டும். டீயில சீனி கம்மியாப் போடுங்க."

வேலை முடிந்து வயரைச் சொருகும் முன்னால் சத்தம் போடுவார். "யாரு யாரு இருக்கீக?" அறையில் இருக்கிற ஒவ்வொருவனும் தன் பேரைத் தானே சொல்ல வேண்டும். ஒருத்தன் பேரை இன்னொருத்தன் சொல்லக்கூடாது. மாரிச்சாமி ஒரு நாள், "வெங்கடேசும் இருக்கான் சார்," என்று சேர்த்துச் சொன்னான். அவர் வயரைக் கீழே போட்டார்.

"அவன் வாயை நீ ஏன் வாங்குற? அவன் சொல்லட்டும்."

"அவனுக்குக் காது கேட்காதே சார்."

"சட்டையைப் பிடிச்சு இழு."

இழுத்தார்கள். வெங்கடேசு என்ன என்று பார்த்தான். அவர் வாயைத் திறந்து காட்டினார். அவன் தன் பேரைச் சொன்னான். பிறகுதான் சொருகினார். அதற்கப்புறம் வெங்கடேசு அவரைப் பார்த்தாலே பேரைச் சொல்லுவான், ரோட்டில் பார்த்தாலும்.

எனக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. சிரிப்பு இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை. பயம் தொத்தும். பல வருடம் அந்தச் சுரங்கத்துக்குள் நான் வீட்டு அடுப்படிக்குப் போகிற மாதிரிப் போய் வந்தவன். அவர் வந்த பிறகு இரும்புக் கதவில் குனியும்போது பிடரி சில்லென்று ஆகும். வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அந்த ஆள்கூடச் சேராதீக," என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர் வீடு. ஒரு தடவை சாவி கொடுக்கப் போனேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. "கேஸை மூணு தரம் மூடுவாக அண்ணாச்சி. தெருமுக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து மோந்து பாப்பாக. தாலி கட்டும்போது கை நடுங்கி மூணு முடிச்சுக்குப் பதிலா நாலு முடிச்சுப் போட்டுட்டாக." அவர் உள்ளேயிருந்து சொன்னார், "அவுந்திச்சா? இன்னி வரைக்கும் அவுந்திச்சா?" அந்த அம்மா சிரித்தது. இரண்டு பெண் பிள்ளைகள். ஊர்த் தேர் பார்க்கக் கூட்டிப் போனால் இரண்டும் ஒரு முழக் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு வர வேண்டும். நடுவில் அவர்.

கார்டு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில்.

கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நிற்கும். திரையில் எழுத்து அப்படியே நிற்கும். ஃபேன் நின்றுவிடும். அவருக்குப் போன் போட்டு, அவர் பஸ் பிடித்து வந்து, அணைத்துப் போட வேண்டும். அதற்குள் நூல் அறுந்து தள்ளும். சின்ன முதலாளி மெட்ராஸ் போய் ஒரு கார்டு வாங்கி வந்தார். கம்ப்யூட்டருக்குள் வைக்கிறது. அதற்குத் தனி பேட்டரி. அறைப் போனுக்கும் அதற்கும் ஒரே டெலிபோன் லைன். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தாலும் கார்டு முழித்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸில் உட்கார்ந்து டெலிபோன் வழியாக அதைக் கூப்பிட்டு, பாஸ்வேர்டு கொடுத்தால், இங்கே கம்ப்யூட்டரை அணைக்கும், போடும். ஆள் வேண்டாம்.

அவர் அதை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தார். கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வழக்கம்போல வயரைப் பிடுங்கித் தோளில் போட்டார். கம்ப்யூட்டரைத் திறந்தார். நான் டார்ச் பிடித்தேன். பச்சைப் பலகை, உள்ளங்கை அகலம். இரண்டு ஸ்குரூ போட்டு இறுக்கினார். பக்கத்தில் டெலிபோன் வயரைச் சொருகினார். கடைசியாக, கார்டிலிருந்து மெல்லிய இரண்டு கம்பியை இழுத்து, முன்னால் இருக்கும் பொத்தானின் கம்பியோடு சேர்த்தார்.

"இது எதுக்கு சார்?"

"நம்ம வந்து பொத்தானை அமுக்குவோம்லா, அந்த வெரல் அண்ணாச்சி இது. இனி வெரல் இதுக்குள்ளயே இருக்கு."

அப்போது கார்டில் ஒரு சின்ன லைட் எரிந்தது. பச்சை. அவர் பின்னால் துள்ளினார். ஸ்டூல் விழுந்தது.

வயர் அவர் தோளில்தான் கிடந்தது. லைட் எரிந்தது.

பேட்டரி என்று அவருக்குத் தெரியும். எனக்கே அவர்தான் சொல்லியிருந்தார். ஆனாலும் அவர் தோளில் கிடந்த வயரைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு முனையையும் பார்த்தார். நெற்றி வேர்த்திருந்தது.

"இனி இது எந்தோள்ல கெடந்து என்ன பிரயோசனம்," என்றார்.

மறுநாள் மத்தியானம் சோதனை. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் கம்ப்யூட்டர் அறையில் தனியாக. சுரங்கத்தில் ஆள் இல்லை. போன் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணாச்சி, அங்க யாரு இருக்கா?"

"நான்தான் சார்."

"பேரைச் சொல்லுங்க."

"தெரியும்ல."

"தெரியும். சொல்லுங்க."

"முத்தையா."

"வேற?"

"வேற யாரும் இல்ல."

"சுரங்கத்துல போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. லைன்ல இருக்கேன்."

போய்ப் பார்த்தேன். வந்து சொன்னேன். "சரி, வச்சிருங்க. அதே லைன்லதான் அது வரும். தள்ளி நில்லுங்க," என்றார். வைத்தேன். போன் மறுபடி அடித்தது. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. நான் எடுக்கவில்லை. மணி நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

செத்த நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கம்ப்யூட்டர் ஒரு தடவை கீச்சென்றது. திரை வெளுத்தது. எழுத்து ஓடியது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஃபேன் உறுமியது. இருபது அடி தள்ளிச் சுவருக்குப் பின்னால். அது கெட்ட கனவு மாதிரி இல்லை. கெட்ட கனவில் யாராவது இருப்பார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார். "ஆங், இப்பத் தெரியுதா?" என்றார். தோள் மேல் கை வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் பெரிய கூத்து. எங்கள் ஐந்து பேரையும் சுரங்கக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். சுரங்கத்துக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் நடுச்சுவரில் கேபிள் போக ஓர் ஓட்டை உண்டு, தலை அளவு. அந்தக் கீச்சு அது வழியாகக் கேட்கும். கீச்சு கேட்டதிலிருந்து ஒன்றாம் நம்பர் ஃபேன் சுற்றுகிற வரைக்கும் எத்தனை என்று எண்ணச் சொன்னார். மூன்று நாள் எண்ணினோம். குருசாமி எண்பது என்றார். மாரிச்சாமி நூற்று முப்பது என்றான். வெங்கடேசு எங்கள் வாயைப் பார்த்துத் தெலுங்கில் எண்ணினான்.

"ஓடுற மாதிரி எண்ணாதீக. சும்மா நடக்குற மாதிரி எண்ணுங்க. பயம் வந்தா எண்ணிக்கை ஓடும். அதைப் பிடிச்சு வைக்கணும்."

"நமக்கு எதுக்கு சார் பயம் வருது?" என்றான் சேசுராஜ்.

"வரும்லே. எங்க போயிரும்?"

கடைசியில் எல்லார் கணக்கும் ஒன்றாக வந்தது. நூற்றுப் பத்து. அவர் சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்து இரும்புக் கதவின் உள்பக்கம் 110 என்று எழுதினார். மேனேஜர் பார்த்துவிட்டு, எந்தப் பய கதவுல வீட்டு நம்பர் எழுதினது என்று கத்தினார். குருசாமி அதற்கப்புறம் சுரங்கத்துக்குள் போகும்போதெல்லாம், "நூத்திப் பத்தாம் நம்பர் வீட்டுக்குப் போறேன், தபால் வந்தா வாங்கி வை," என்பார்.

கார்டு வந்த பிறகு சின்ன முதலாளி இரண்டு காரியம் செய்தார். கம்ப்யூட்டரின் கரண்டு வயரைப் பிளக் இல்லாமல் நேரே சுவிட்சுப் பெட்டியில் முடுக்கச் சொன்னார், யாரும் பிடுங்கக்கூடாது என்று. அறைக்குப் பூட்டுப் போடச் சொன்னார், இனி அங்கே யாருக்கும் வேலை இல்லை என்று. சாவி மேனேஜரிடம். மெயின் சுவிட்சு அந்த அறைக்குள்.

அவர் எதிர்த்துப் பேசினார். சின்ன முதலாளி, "உமக்கு நெழலைப் பாத்தாலே பயம். உம்ம பேச்சைக் கேட்டு மில்லு நடத்த முடியுமா?" என்றாராம். அவர், "எனக்குப் பயம்தான் முதலாளி. அதை விடுங்க. மெயினை வெளிய வைங்க," என்றாராம். வைக்கவில்லை.

இனி அந்த நாள்.

லீவு நாள். காலையில் மேனேஜர் வந்து அறையைத் திறந்து கம்ப்யூட்டரை அணைத்தார். பட்டுக்கரை வேட்டி. வன்னியம்பட்டியில் அவர் சொந்தத்தில் கல்யாணம்.

"மெயினையும் இறக்கிருவமா சார்?" என்றேன்.

"அதான் கம்ப்யூட்டரை அணைச்சாச்சுல்ல. அதுக்கு மேல என்னவே?"

பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் வாய் திறக்கவில்லை. வயரைத் தோளில் போடுகிறவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்து உள்ளே போனேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸில் நடந்தது பின்னால் தெரிந்தது. சின்ன முதலாளியைப் பார்க்க வேறு ஊர் மில்காரர் ஒருத்தர் வந்திருந்தார். காப்பி குடித்தார்கள். சின்ன முதலாளிக்கு அவரிடம் கார்டைக் காட்ட ஆசை. இங்கிருந்தே ராஜபாளையத்து ஃபேனை ஓட்டுதேன் பாருங்க என்று சொல்லி, இவரைக் கூப்பிட்டனுப்பினார். இவர் வந்தார். கேட்டார்.

"அங்க யாரு இருக்கா?"

"லீவு நாள்யா. எவன் இருப்பான்?"

"லீவு நாள்லதான் முதலாளி சுரங்கத்துல எறங்குவாங்க. நான் போன் போட்டுக் கேட்டுக்கிடுதேன்."

"கேட்டுக்கிட்டே இருந்தா எதுக்குய்யா இது? போடும்."

இவர் போடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். விருந்தாளி சிரித்தார். சின்ன முதலாளிக்கு முகம் சிவந்தது. பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும். உட்கார்ந்து அவரே போட்டார். இவர் முதலாளியின் கையைப் பிடித்தார். முதலாளி தட்டிவிட்டார்.

எங்களுக்கு இங்கே ஒன்றும் தெரியாது. பூட்டின அறைக்குள் போன் அடித்தது. மூன்று தடவை. நின்றது. மாரிச்சாமி, "மேனேஜரைக் கல்யாண வீட்டுல தேடுதாக போல," என்றான். நான் கேபிள் ஓட்டைப் பக்கம் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். மணி ஏன் நின்றது என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

கீச்சென்றது.

என் வாய் தானாகச் சொன்னது. "ஒண்ணு."

அடுத்து, "ரெண்டு." சத்தமாக.

யாரும் என்ன என்று கேட்கவில்லை. எண்ணிக்கை போதும். சேசுராஜ் சுத்தியலோடு முதலில் வெளியே பாய்ந்தான், அறைப் பூட்டை உடைக்க. குருசாமி கதவில் குனிந்தார். உடம்பு கதவில் அடைத்தது. மாரிச்சாமி பின்னாலிருந்து தலையால் முட்டித் தள்ளினான். "போங்க மாமா, போங்க மாமா," என்று அழுதான். இருபத்தைந்தில் குருசாமி போனார். அவர் பின்னால் மாரிச்சாமி போனான். எனக்கு முன்னால் கதவு திறந்து கிடந்தது. வெளியே வெயில்.

திரும்பிப் பார்த்தேன். வெங்கடேசு ஒன்றாம் நம்பர் ஃபேனுக்குள் உட்கார்ந்திருந்தான். முதுகு எங்கள் பக்கம். தலையைச் சுற்றிக் காதை மூடித் துண்டு. சுரண்டிக்கொண்டிருந்தான். ஏதோ பாடினான்.

கத்தினேன். கேட்காது. தெரியும். ஆனாலும் கத்தினேன். கத்தினதில் எண்ணிக்கை விட்டுப்போகப் பார்த்தது. பிடித்தேன். முப்பத்தொன்று. நடக்கிற மாதிரி. கால் ஓடியது. எண்ணிக்கையை நடக்க வைத்தேன். அது ரொம்பக் கஷ்டம். அதைவிடக் கஷ்டமான வேலை நான் பார்த்ததில்லை.

போய் அவன் காலைப் பிடித்து இழுத்தேன். அவன் விளையாட்டு என்று நினைத்தான். சிரித்துக்கொண்டே உதைத்தான். "உண்டுரா," என்றான், இருடா என்று. ஐம்பத்து நான்கு. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டையைப் பிடித்ததும் அவனுக்குப் பழக்கம். திரும்பி, "வெங்கடேசு," என்றான். பேரைச் சொன்னான்.

அவன் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து எண்ணினேன். அறுபத்து இரண்டு. அறுபத்து மூன்று. அவன் என் வாயைப் பார்த்தான். கண் பெரிதானது. குதித்தான். டவுசர் இறக்கை போல்ட்டில் மாட்டிக்கொண்டது. தொங்கினான். நான் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். காக்கித் துணி. நல்ல துணி. கிழியவில்லை. எழுபத்தைந்து. எழுபத்தாறு. வெளியே சேசுராஜ் பூட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. பூட்டும் நல்ல பூட்டு. எண்பதில் துணி கிழிந்தது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். என் முழங்கை சுவரில் அடித்தது. அது உடைந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. அவனை முன்னால் தள்ளிக்கொண்டு தவழ்ந்தேன். கதவில் சிவப்பில் 110. அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

நாங்கள் வெளியே கிடந்தபோது ஃபேன் சுற்றியது. வெங்கடேசு விட்டுவிட்டு வந்த சுரண்டும் தகடு உள்ளே இறக்கையில் அடிபட்டது. ஒரு சத்தம். பிறகு இரண்டாவது சத்தம், சுவரில். கதவு வழியாகப் பஞ்சு பறந்து வந்து எங்கள் மேல் விழுந்தது. வெங்கடேசுக்குக்கூட அது கேட்டது. கிழிந்த டவுசரோடு உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அதற்கப்புறம்தான் சேசுராஜ் பூட்டை உடைத்து மெயினை இறக்கினான். கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன், உள்ள ஆள் இருக்கான்னு கேக்காக என்றார். மூச்சு வாங்கியது.

அங்கே அவர் திரும்ப அணைக்கப் பார்த்திருக்கிறார். லைன் விழுந்துவிட்டது. மூன்று தடவை நம்பரைச் சுற்றினார். எங்கேஜ் சத்தம் வந்தது. அப்புறம்தான் கேட்டுக்குப் போட்டிருக்கிறார். போன் பண்ணிக்கொண்டே வாய்விட்டு எண்ணினாராம். விருந்தாளி, இவர் என்ன ஜெபம் பண்ணுதாரா என்று கேட்டாராம். நூற்றுப் பத்து வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். இதை ஆபீஸ் பியூன் சொன்னார்.

அந்த நாளுக்குப் பிறகு அவர் எங்கள் மில் வேலைக்கு வரவில்லை. வேறு ஆளைக் கூட்டி வந்தார்கள். அந்த ஆள் பயப்பட மாட்டார். மெயின் சுவிட்சை மட்டும் அறைக்கு வெளியே மாற்றினார்கள். கைப்பிடி கழற்றுகிற மாதிரி. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அதைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். அவர் பிறகு ஊரை விட்டுப் போனார், பெண் பிள்ளைகள் படிப்புக்கு. எங்கே என்று கேட்டேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கு அவர் வந்தார். பியூனின் மொபெட்டில் வந்தார், பின்னால் உட்கார்ந்து. கண்ணை மூடிக்கொண்டே வந்தார் என்று பியூன் சொன்னார். கேட்டில் நாய் கட்டாமல் கிடந்தது. அதைத் தாண்டி நடந்து வந்தார். அதைப் பார்க்கவேயில்லை.

சுரங்கக் கதவுப் பக்கம் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். யாரு யாரு இருக்கீக என்று அவர் கேட்கவில்லை. முதல் ஆள் தலையில் கை வைத்தார்.

"சேசுராஜ்."

அடுத்த தலை.

"குருசாமி." குருசாமி அழுதார்.

"மாரிச்சாமி."

வெங்கடேசின் சட்டையைப் பிடித்தார். "வெங்கடேசு," என்றான்.

என் தலையில் வைத்தார். எடுக்காமல் நின்றார்.

"முத்தையா," என்றேன்.

பிறகு அறைக்குள் போனார். மெயின் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி பார்த்தார். கட்டிங் பிளேயரை வாங்கி, பெட்டியில் முடுக்கியிருந்த வயரை வெட்டினார். இந்தப் பக்கமும் வெட்டினார், அந்தப் பக்கமும் வெட்டினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பஞ்சு இன்னும் பறந்துகொண்டிருந்தது.

"எண்ணுனீகளா அண்ணாச்சி?"

"எண்ணுனேன்."

"ஓட விடலையே?"

"பிடிச்சு வச்சேன் சார்."

"எத்தனையில வெளிய வந்தீக?"

"நூத்தி நாலு."